அத்தை கட்டிய பூப்பொட்டலம்

1

எங்கள் அத்தை இறந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டது. போன மாதம் தெவசம் கொடுத்தோம். அன்றைக்கு நடந்த ஒரு காரியத்தால் என் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. பெயர் வீராயி. நாங்கள் இருப்பது இலங்கையில், பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். நான் திருச்சி ஜில்லாவில் பிறந்து, பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, கல்யாணமானதும் கப்பலேறி இங்கே வந்தவள். நான் வந்தபோது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டியும் நடையும்தான். இப்போது பதுளைக்கே ரயில் வரப்போகிறது என்று மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அவ்வளவு காலம் ஆகிவிட்டது.

இந்தப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னது ஊரில் இருக்கும் என் அண்ணன். எனக்குக் கடிதம் எழுதுவது போலவே எழுது, போதும் என்றான். யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். என் பெயரைப் போடாவிட்டால் எழுதுகிறேன் என்றேன். அதே கடிதத்தில் அவன் வேறொன்றும் கேட்டிருந்தான். உன் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி அங்கே என்ன இருக்கிறது, எல்லோரும் கிளம்பி வந்துவிடுங்கள் என்று.

அதற்கு ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

2

இங்கே விடிவதற்கு முன்பே தப்பு அடித்து எழுப்பிவிடுவார்கள். ரொட்டியைச் சுட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். பெரட்டு என்றால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம். அங்கிருந்து கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்கு.

ஊரில் எனக்கு இருட்டென்றால் மட்டும்தான் பயம். இங்கே வந்த பிறகு பட்டப்பகலிலும் பயந்தேன். மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவள் மறைந்துவிடுவாள். அவள் குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். அட்டை காலில் ஏறியது தெரியாது. ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். துரையின் நாய்க்குப் பயம், பள்ளத்துக்குப் பயம், காய்ச்சலுக்குப் பயம். வந்த நாளிலிருந்து எப்போது திரும்பிப் போவோம் என்பதுதான் என் நினைப்பு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த மற்றப் பெண்களும் அப்படித்தான். அத்தை ஒருவருக்குத்தான் அந்த நினைப்பே கிடையாது.

அத்தை வந்தது எனக்கும் முந்திய காலம். காப்பிச் செடியெல்லாம் நோய் விழுந்து கருகிக்கொண்டிருந்ததாம். கரையிறங்கி, காட்டுக்குள் வடக்குப் பாதையில் நடந்தே வந்தவர்கள். இடுப்பில் கைப்பிள்ளை, அதுதான் என் வீட்டுக்காரர். மடியில் ஒரு பிடி மண்.

எங்கள் குலசாமி கருப்பு. சாமி இருக்கிற இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய், குடியேறுகிற இடத்தில் வைத்துக் கும்பிட்டால் சாமியும் கூடவே வந்துவிடும். இந்தப் பிடிமண் வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். வழியில் அதை எங்கேயும் கீழே வைக்கக்கூடாது. வைத்தால் சாமி அங்கேயே தங்கிவிடும். பாதையில் வாந்திபேதி வந்து, கூட வந்தவர்கள் விழுந்துகொண்டே இருந்தார்களாம். அத்தை மண்ணை மடியில் முடிந்துகொண்டு, படுக்காமல் உட்கார்ந்தபடியே தூங்கி, இங்கே ஓடைக்கரை அத்திமரத்தடியில் கொண்டுவந்து வைத்தார். மேலே மூன்று கல் நட்டார். அன்றோடு அவருக்கு இதுதான் ஊர்.

"எப்பக்கா ஊருக்குப் போறது?" என்று யாராவது கேட்டால் போதும்.

"சாமியே இங்க வந்து ஒக்காந்திருக்கு. நான் எதுக்குடி போகணும்? ஒன் மாமியா அங்க கறிசோறு ஆக்கி வச்சிருக்காளாக்கும்?"

ஒருமுறை மழையில் வழுக்கி விழுந்த ஒருத்தி, பாழாய்ப்போன கண்டிச்சீமை என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டாள். அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளிடம் போனார்.

"யாருடி என் மலைய வையிறவ? நான் காப்பிக்கட்டையப் புடுங்கிப்புட்டு நட்ட செடிடி இது. அதுல கொழுந்து கிள்ளித் தின்னுக்கிட்டு அதையே வையிறியா? மன்னிப்புக் கேளு."

"யாருகிட்டக்கா கேக்குறது?"

"மண்ணுகிட்டதான். வேற யாருகிட்ட? என்கிட்டயா?"

அவள் கேட்டாள். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். அத்தை சிரிக்கவில்லை.

ஒரு கல்யாணத்துக்காக அப்புத்தளைக்குப் போயிருந்தபோது, மேட்டில் நின்று தெற்கே பார்த்தோம். பனி விலகி, எங்கோ தூரத்தில் ஒரு கோடு மின்னியது. கடல் என்றார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதுக்கு அந்தாண்ட இருக்கிறது எதுவும் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

3

எனக்கு முதலில் பிறந்தது மகன். ஓடியாடித் திரிந்த பிள்ளை வயிற்றுக்கடுப்பில் போய்விட்டான். அடுத்த வருஷம் என் மாமனாரும் போனார். மிஞ்சியது பொன்னி. அவள் தும்மினால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இவளையும் இந்த மலைக்குக் கொடுக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரரை அரித்துக்கொண்டே இருந்தேன். பொன்னிக்கு நாலு வயது ஆனபோது ஒருவழியாக அவர் மனம் இறங்கியது. ஒரு மத்தியானம் அத்தையிடம் சொன்னார்.

"ஆத்தா, தை பொறந்ததும் கெளம்பலாம்னு இருக்கோம். தொரைகிட்ட பத்துச்சீட்டுக்குச் சொல்லியிருக்கேன்."

பத்துச்சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு யாரும் விலக முடியாது.

"யாரு கெளம்புறா?"

"எல்லாரும்தான். ஒன்னைய விட்டுட்டா போவோம்?"

"என்னையச் சாக்குல போட்டுக் கட்டித்தான் தூக்கணும்."

"ஒரு புள்ளையப் பறிகொடுத்தாச்சு ஆத்தா. இந்தப் புள்ளையாச்சும் பொழைக்கட்டும்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னை வைவார் என்று நினைத்தேன். வையவில்லை.

"நீ சொல்றதும் வேணாம், நான் சொல்றதும் வேணாம். கருப்பன்கிட்ட பூக்கேப்போம். அவன் போகச் சொன்னா மொத ஆளா நான் மூட்டையக் கட்டுறேன்" என்றார்.

பூக்கேட்பது எங்கள் குடும்பத்தில் இப்படி. ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று முதலிலேயே சாமி முன்னால் சொல்லிவிட வேண்டும். பிறகு ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வோம். எடுத்ததைப் பிரித்துப் பார்ப்போம். எடுக்காததைப் பிரிக்கக்கூடாது. சாமி வேண்டாம் என்று விட்டதை மனிதர் பார்த்தால் ஆகாது. அது அன்று முழுவதும் சாமி காலடியில் கிடக்கும். மறுநாள் காலையில் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவோம்.

செம்பருத்தி வந்தால் போவது, நந்தியாவட்டை வந்தால் இருப்பது என்று பேச்சு. அத்தை தலை முழுகி, ஈரச் சேலையோடு மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாழையிலையைக் கிழித்தார். நார் பிடித்துக்கொடுக்கலாம் என்று பக்கத்தில் போனேன்.

"நீ போ தாயி. நான் கட்டுறேன்."

பொன்னியை விட்டோம். அவள் குடுகுடுவென்று ஓடி, ஒன்றை எடுத்து அப்பாயி கையில் கொடுத்தாள். அத்தை பிரித்தார். நந்தியாவட்டை.

என் வீட்டுக்காரர் விழுந்து கும்பிட்டார். பத்துச்சீட்டுப் பேச்சு அதோடு முடிந்தது. நான் அழக்கூட இல்லை. சாமி சொன்னதற்கு மேல் அழுவதற்கு என்ன இருக்கிறது?

4

மறுநாள் காலையில் மற்றப் பொட்டலத்தை ஓடையில் விட என்னை அனுப்பினார்கள். மழை நின்ற நேரம். இலை வாடி, நார் தளர்ந்திருந்தது. தண்ணீர் ஓரத்தில் குனிந்தபோது பொட்டலம் என் கையிலேயே விரிந்துவிட்டது.

உள்ளே நந்தியாவட்டை.

திரும்பி அத்திமரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மூன்று கல்லும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. கருப்பு பொய்யைப் பொறுக்காத சாமி. ஊரில் அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு திரும்பவில்லை என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்தச் சாமியை மடியில் சுமந்து வந்தவரே அதை ஏமாற்றியிருக்கிறார். எடுத்துக்கொடுத்தது என் குழந்தையின் கை.

பூவைத் தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அத்தை ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். "போட்டியா?" என்றார். "போட்டேன் அத்தை" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடம் சொன்னால் தாயும் மகனும் என்ன ஆவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் சாமி என்ன செய்யுமோ என்று பயம். பெரட்டில் நிற்கும்போதும் கொழுந்து கிள்ளும்போதும், கை பாட்டுக்கு வேலை செய்யும். மனம் பொன்னியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

5

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பொன்னிக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் கொயினா கொடுத்தார். இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒரு நாள் காலையில் குழந்தை என்னைத் தெரியாமல் விழித்தாள். வலது கை மட்டும் இழுத்து இழுத்து அடித்துக்கொண்டது. அந்தக் கைதான்.

அன்றுதான் வாழ்நாளில் முதல் முறையாக அத்தையின் முன்னால் வந்து நின்று பேசினேன்.

"ரெண்டுலயும் வெள்ளைதான் கட்டுனீங்க. நான் பாத்துட்டேன்."

அத்தை அடுப்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எம்புள்ளய எடுக்குறான் அத்தை. அவ கைய எடுக்குறான்."

"அவ என்ன பண்ணுனா? பொய் கட்டுனது நான். அவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எதுக்கு அத்தை இப்படிச் செஞ்சீங்க?"

அத்தை அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார். "ஒன் மகன இந்த மண்ணுலதான் வச்சோம். ஒன் மாமனும் இங்கதான் கெடக்குறாரு. அவுகள யாருகிட்ட விட்டுட்டுப் போக? இந்த மலைய விட்டுட்டு அங்க போயி நான் யாரு? வீராயின்னு ஒருத்தருக்குத் தெரியுமா? அவன்கிட்ட கேட்டா எங்கிட்டாவது போகச் சொல்லிப்புடுவானோன்னு பயமா இருந்துச்சு தாயி."

அத்தை வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. பயம் மட்டும் இரட்டிப்பானது. பயப்படாதவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றுதானே அத்தனை வருஷமும் நான் உயிரோடு இருந்தேன்.

அத்தை எழுந்து பானைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நான் பொன்னியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போய், தேயிலைச் செடி ஓரத்தில் நின்றேன். பனி மூடியிருந்தது. அத்தையின் முதுகு தெரியவில்லை, குரல்தான் கேட்டது. கும்பிடுகிற குரல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் சண்டைக்குப் போகிற குரல்.

"ஏ கருப்பா! ஒன்னையக் கீழ வைக்காம தூக்கியாந்தவடா நான். தண்ணி கெடைக்காத காட்டுல எம்புள்ளையக்கூட எறக்கி விட்டேன், ஒன்னைய எறக்கல. ஒன்கிட்ட பொய் சொன்னது நானு. ஒனக்குத் தைரியமிருந்தா என்கிட்ட வா. சின்னப்புள்ள கையப் புடிச்சு முறுக்குறியே, வெக்கமா இல்ல? கணக்கு என்கிட்ட. நான் இங்கதான் இருப்பேன். எப்ப வேணாலும் வா."

இந்தப் பேச்சுக்கே சாமி அடித்துவிடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த சில நாட்களில் பொன்னி கஞ்சி கேட்டாள்.

6

அதன் பிறகு அத்தை இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு வயதுவரை இருந்தவர் வேறு யாருமில்லை. பார்க்கிறவர்கள் கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவர் ஒவ்வொரு நாளும் காத்திருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாம்பு குறுக்கே போனால் நின்று, "நீதானா?" என்று கேட்பார். இடி இடித்தால் வாசலில் வந்து நிற்பார். நான் உள்ளே இழுப்பேன். இருமல் வந்தால் அத்திமரம் இருக்கிற பக்கம் பார்ப்பார். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கல்லைக் கழுவி விளக்கு வைத்தார். மலையை வைபவர்களைத் திட்டுவதையும் விடவில்லை. கண் மங்கிய பிறகு, என் தோளைப் பிடித்துக்கொண்டு செடிகளைத் தடவிக்கொண்டே நடப்பார். "இது நான் நட்டது. இது ஒன் மாமன் நட்டது. கோணலா இருக்கு பாரு" என்பார்.

கடைசிப் படுக்கையில் ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார்.

"இன்னும் வரல பாத்தியா அவன்? மன்னிச்சுட்டானா, மறந்துட்டானான்னு தெரியலயே."

"மன்னிச்சிருப்பான் அத்தை."

"மறந்திருந்தாலும் சரிதான். நீ ஞாபகப்படுத்தாத."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மறுநாள் உயிர் போனது. கஷ்டம் இல்லாத சாவு.

இறப்பைப் பதியப் போன இடத்தில், செத்தவர் எந்த ஊர் என்று உத்தியோகஸ்தர் கேட்டார். என் வீட்டுக்காரர் திருச்சி ஜில்லா என்றார். அது சட்டத்துக்குச் சரியான பதில். அத்தை கேட்டிருந்தால் மேசையைத் தட்டியிருப்பார். நானாவது இந்த மலை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது.

7

இப்போது பொன்னிக்குக் கல்யாணமாகி, எங்கள் தோட்டத்திலேயே அடுத்த லயத்தில் இருக்கிறாள். அவள் மகள் வள்ளிக்கு மூன்று வயது. பொன்னி பசறைச் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசுவாள். என்ன பேசினாள் என்று எனக்குப் பாதிதான் விளங்கும். நான் பேசுவதும் மாறித்தான் போயிருக்கிறது. லயத்துக் காம்பரா ஒழுகுகிறது என்று அண்ணனுக்கு எழுதினேன். லயம் என்றால் என்ன, காம்பரா என்றால் என்ன என்று கேட்டிருந்தான். வரிசை வீடு, அறை என்று திருப்பி எழுதும்போது, நாங்கள் இருக்கிற இடத்தை விட்டு வேறெதையோ எழுதுகிற மாதிரி இருந்தது.

அண்ணன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் என் வீட்டுக்காரர் சொன்னார். "ஆத்தாளும் போயாச்சு. நமக்கும் வயசாகுது. ஊருக்கே போயிருவோம். பொன்னியும் மாப்பிள்ளையும் கூட வரட்டும்."

பொன்னி முறத்தைக் கீழே வைத்தாள். "அது ஒங்க ஊருப்பா. நான் பாத்ததே இல்ல. அங்க வந்து நான் யாருன்னு இருக்கிறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்படியில் அத்தை சொன்னது அதேதான். அன்று பொன்னி காய்ச்சலில் கிடந்தாள், கேட்டிருக்க வழியில்லை.

போவதென்றால் பொன்னியையும் வள்ளியையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அழ அழ இழுத்துக்கொண்டு போக வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் போக வேண்டும் என்று அழுதவள் நான்தான். இப்போது என் மகன் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அத்தையை வைத்திருக்கிறோம். அந்த இரண்டு மண்மேட்டையும் விட்டுப் போக எனக்கு மனமில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர், ஆத்தாள் வழக்கப்படி கருப்பனிடமே பூக்கேட்போம் என்றார்.

தெவசத்தன்று எல்லோரும் மரத்தடிக்குப் போனோம். செம்பருத்தி வந்தால் போவது, நந்தியாவட்டை வந்தால் இருப்பது. நான் இலையை எடுத்தேன். பொன்னி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அவளும் தலை முழுகி ஈரச் சேலையோடு இருந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் நாரோடு பக்கத்தில் போனேன்.

"நீ போம்மா. நான் கட்டுறேன்."

நான் பின்வாங்கி நின்றேன்.

வள்ளி ஓடிப்போய் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவள் தாத்தா பிரித்தார். நந்தியாவட்டை. அவர் முன்போலவே விழுந்து கும்பிட்டார். பொன்னி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நானே ஓடைக்குப் போனேன். இலை வாடி, நார் தளர்ந்துதான் இருந்தது. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரில் விட்டேன். பாறையைச் சுற்றி அது போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் கண்ணைத் திருப்பினேன். உள்ளே செம்பருத்தி இருந்திருக்கலாம். இருந்திருக்கும்.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன், நாங்கள் வரவில்லை என்று.

வள்ளிக்கு நேற்று உடம்பு லேசாகச் சுட்டது. வெயிலில் விளையாடிய சூடு என்று பொன்னி சொல்கிறாள். இருக்கலாம். நான் தலையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அத்தையைப் போலச் சண்டை போட எனக்குக் குரல் இல்லை. மூன்று கல்லுக்கும் முன்னால் நின்று, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னேன்.

"அதுல என்ன பூ இருந்துச்சோ எனக்குத் தெரியாது சாமி. எதுவா இருந்தாலும் கணக்கு என்கிட்ட."